சைக்கிளில் கீறலா? விட்டுவிடலாமா, சரிசெய்ய வேண்டுமா? மழைக்கு முன் டெல்டாவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

புது சைக்கிளில் விழுந்த முதல் கீறலை யாரும் எளிதில் மறப்பதில்லை. அலுவலக வாசலில் பக்கத்து வண்டியின் பெடல் உரசியிருக்கும். இல்லையென்றால், தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்தியதில் யாருடைய ஹேண்டில்பாரோ இடித்திருக்கும். உடனே இரண்டு விதமான ஆலோசனை வரும். "ஓடுற வண்டிக்கு இதெல்லாம் சகஜம், விடுங்க" என்பார் ஒருவர். "பட்டி பார்த்து மொத்தமா பெயின்ட் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்பார் இன்னொருவர்.

இரண்டு ஆலோசனையுமே சில நேரம் சரி, சில நேரம் தவறு. கீறல் எவ்வளவு நீளம் என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. எவ்வளவு ஆழம், எந்த உலோகம், ஃபிரேமில் எந்த இடம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். காவிரி டெல்டாவில் இருப்பவர்கள் நான்காவதாக ஒன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: மழைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

கீறல் விழும்போது உண்மையில் எது கீறப்படுகிறது?

சைக்கிள் ஃபிரேமில் நாம் பார்க்கும் நிறம் ஒரே பூச்சு அல்ல. பல அடுக்குகள் இருக்கின்றன. அடியில் உலோகக் குழாய். இரும்புக் குழாய் என்றால் அதன் மேல் பெரும்பாலும் பாஸ்பேட் ரசாயனப் பூச்சு இருக்கும். பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்கும் துரு பரவாமல் தடுப்பதற்கும் தொழிற்சாலையில் செய்யும் வேலை இது. அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், நிறுவனத்தின் பெயர் தாங்கிய ஸ்டிக்கர், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பு தரும் கிளியர் கோட்.

இத்தனை அடுக்கையும் சேர்த்தால்கூட தடிமன் பொதுவாக 100 மைக்ரானை ஒட்டித்தான் வரும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கீழே இருக்கும் இரும்புக் குழாயோ சாதாரண சைக்கிள்களில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டது.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு ஆறுதலான விஷயம் புரியும். பெடலோ பூட்டுச் சங்கிலியோ உரசி விழும் கீறல் பெரும்பாலும் பெயின்டைத்தான் கிழிக்கிறது. குழாயின் பலத்தில் அதனால் குறை எதுவும் வருவதில்லை. கவலைப்பட வேண்டியது கீறல் திறந்துவிட்ட வழியாக அடுத்து உள்ளே என்ன போகிறது என்பதைப் பற்றித்தான்.

ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கீறல் விழுந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் குறுக்காக மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால், கீறல் கிளியர் கோட்டில் மட்டும்தான் இருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளைக் கோடு போலத் தெரியும், தண்ணீர் பட்டால் மறைந்துவிடும். இது அழகுப் பிரச்சினை மட்டுமே.

நகம் லேசாகத் தடுக்கிறது, உள்ளே வேறு நிறம் (பெரும்பாலும் சாம்பல், வெள்ளை அல்லது செம்பழுப்பு) தெரிகிறது என்றால் நிறத்தைத் தாண்டி பிரைமர் வரை போயிருக்கிறது. அவசரமில்லை. ஆனால், மழைக்கு முன் மூடிவிடுவது நல்லது.

நகம் நன்றாக மாட்டுகிறது, உள்ளே உலோகம் மின்னுகிறது என்றால் பாதுகாப்பு அந்த இடத்தில் முழுமையாகப் போய்விட்டது. இரும்பு ஃபிரேமில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஏற்கெனவே பழுப்பு நிறம் தெரிந்தால், துரு வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

டெல்டாவில் ஏன் கூடுதல் கவனம்?

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் ஈரமும் வேண்டும். மழையில் நனைந்தால்தான் துரு வரும் என்றில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின் மேல் உருவாகி அரிப்பு வேகமெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்டாவின் காலைக் காற்று இந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும் பகுதி இது. வயலில் நிற்கும் தண்ணீரும் காற்றை ஈரமாகவே வைத்திருக்கும்.

கடற்கரைப் பக்கம் போகப் போக உப்பும் சேர்ந்துகொள்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, உப்பளங்கள் நிறைந்த வேதாரண்யம் ஆகிய ஊர்களில் காற்றில் வரும் உப்புத் துகள்கள் ஃபிரேமில் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைடு, அரிப்பை இன்னும் வேகப்படுத்தும். அதனால், தஞ்சாவூரில் ஒரு மாதம் தாங்கும் கீறல் வேதாரண்யத்தில் சில நாட்களிலேயே பழுக்கத் தொடங்கலாம்.

துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகும். அப்படி வீங்கும் துரு, பக்கத்தில் இருக்கும் நல்ல பெயின்டையும் அடியிலிருந்து நெம்பித் தூக்கும். கீறலைச் சுற்றி பெயின்ட் கொப்புளம் போல உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஒரு அரிசி நீளத்துக்குத் தெரிந்தால், உள்ளே ஒரு நாணயம் அகலத்துக்குப் பரவியிருக்கலாம். முதல் வாரத்தில் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை, ஒரு மழைக்காலம் கழித்து ஃபிரேமையே சுரண்ட வேண்டிய வேலையாவது இப்படித்தான்.

நெல்லும் கீறல் போடும்

டெல்டாவுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. நெல் தன் வேர் வழியாக மண்ணிலிருந்து சிலிக்காவை எடுத்து, உமியிலும் வைக்கோலிலும் சேமித்து வைக்கும் பயிர். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் 85 சதவீதத்துக்கும் மேல் சிலிக்காதான். ஒரு காலத்தில் உமிக்கரியில் பல் துலக்கினார்கள் என்றால், தேய்த்துச் சுத்தம் செய்யும் அந்தச் சொரசொரப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் நெல்லைச் சாலையில் காயவைப்பது வழக்கம். அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும் சேர்ந்து, அந்த நாட்களில் சைக்கிள் மேல் படிவது வெறும் தூசி அல்ல, நுண்ணிய உப்புத்தாள் மாதிரி. மேலே உலர்ந்த துணியைப் போட்டு 'சரக் சரக்' என்று துடைத்தால், ஒரே நாளில் நூறு மெல்லிய கீறல் விழும். ஆற்றங்கரைச் சாலைகளில் ஒட்டிக்கொள்ளும் மணலும் இதையேதான் செய்யும். முதலில் தண்ணீர் ஊற்றி அலசுவது, பிறகு துடைப்பது என்ற வரிசையை மாற்றக் கூடாது.

உங்கள் ஃபிரேம் எந்த உலோகம்?

காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டினால் இரும்பு (ஸ்டீல்). ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியக் கலவை. விலை உயர்ந்த சில சைக்கிள்களில் கார்பன் ஃபைபர் இருக்கும்.

ஸ்டீல்: கருப்பு நிற ரோட்ஸ்டர் முதல் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிள் வரை பெரும்பாலானவை இதுதான். உலோகம் தெரிந்தால் துரு வரும். ஆனால், பொறுமையான உலோகம். சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் வைத்தால் மீண்டும் பல ஆண்டுகள் ஓடும்.

அலுமினியம்: இளைஞர்கள் இப்போது வாங்கும் ஹைப்ரிட், கியர் சைக்கிள்களில் அதிகம். பழுப்புத் துரு வராது. காற்று பட்டதும் அதன் மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி உலோகத்தைக் காக்கும். உலோகம் தெரியும் சிறு கீறலைக்கூட உள்பகுதி ஊர்களில் அழகுக்காக மட்டும் மூடினால் போதும். கடற்கரையில் அப்படி விட முடியாது. உப்பு அந்தப் படலத்தைத் துளைத்து, பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாக அரிப்பு வரும். அலுமினியத்தில் கீறலை விட நசுங்கலும் விரிசலும்தான் ஆபத்து.

கார்பன் ஃபைபர்: இதில் வீட்டு வைத்தியமே வேண்டாம். மேலே சிறு கீறலாகத் தெரிவது, உள்ளே இழைகள் உடைந்ததன் அடையாளமாக இருக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தால் இழையே அறுந்துபோகும். விழுந்து அடிபட்ட கார்பன் ஃபிரேமை, அந்த வேலை தெரிந்த சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டுத்தான் மீண்டும் ஏற வேண்டும்.

கீறலா, விரிசலா?

இந்த ஒரு கேள்வியில் மட்டும் அலட்சியம் கூடாது. கீறல் அழகைக் கெடுக்கும், விரிசல் ஆளையே கீழே தள்ளும்.

கீறல் எதன் மீதாவது உரசிய தடம் என்பதால், அது குழாயின் மேற்பரப்பில் எந்தத் திசையிலும் ஓடும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில், குழாயைச் சுற்றிக் குறுக்காக, முடி போன்ற மெல்லிய கோடாக வரும். முன்பக்கக் குழாய்கள் ஹேண்டில் பக்கம் சேரும் இடம், பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட், சீட் கம்பம் நுழையும் இடம், பின்சக்கர அச்சு பொருந்தும் இடம், முன் ஃபோர்க்கின் மேல்பகுதி ஆகிய ஐந்து இடங்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் ரயில்வே பணிமனைகளில் அந்தக் காலத்தில் பயன்படுத்திய ஒரு எளிய முறை உண்டு. அந்த இடத்தில் லேசான எண்ணெய் தடவி, சில நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிட வேண்டும். மேலே சாக்பீஸ் தூளை மெல்லிதாகத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால், உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வந்து தூளில் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் உறுதியாக நிறுத்திவிடலாம். ஆனால், கோடு தெரியாததாலேயே விரிசல் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஓட்டும்போது 'டக் டக்' என்று புதுச் சத்தம் வந்தாலோ, துடைத்த பிறகும் அதே கோடு நீண்டுகொண்டே போனாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விரிசல் மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது, பிரச்சினையைக் கண்ணிலிருந்து மறைப்பது மட்டும்தான்.

பழைய சைக்கிள் வாங்குபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். பத்து ஆண்டு ஓடிய வண்டியில் நாலு கீறல் இருப்பது இயல்பு. ரிம்மும் செயினும் பழசாக இருக்க, ஃபிரேம் மட்டும் புதுப் பெயின்டில் மின்னினால்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

கிளியர் கோட் கீறலுக்கு: கழுவி உலர்த்திய பிறகு, கார், பைக் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்ட் அல்லது பாலிஷை மென்மையான துணியில் கொஞ்சமாக எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் இரண்டு கரையையும் தேய்த்துச் சமமாக்குகிறது. அதனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் நிறமே போய்விடும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் சைக்கிளில் இதைச் செய்யவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் மின்ன ஆரம்பித்து, கீறலை விட அசிங்கமாகத் தெரியும்.

உலோகம் தெரியும் கீறலுக்கு ஸ்டீல் ஃபிரேமில் செய்ய வேண்டியவை:

1. ஷாம்பு கலந்த தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். நேர் வெயிலில் சூடான குழாயில் வேலை செய்ய வேண்டாம்.

2. துரு இருந்தால் 400 நம்பர் உப்புத்தாளைச் சிறு துண்டாக மடித்து, பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். உப்பியிருக்கும் பெயின்டை உறுதியாகச் சுரண்டி எடுங்கள். பாவம் பார்த்து விட்டால் அதன் அடியிலேயே துரு தொடரும்.

3. 800 அல்லது 1000 நம்பர் தாளை நனைத்து, சுற்றியுள்ள பெயின்டின் விளிம்பைச் சரிவாக்குங்கள். இல்லையென்றால் புதுப் பெயின்ட் மேடாகத் தெரியும்.

4. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிடுங்கள். தின்னர் வேண்டாம், நல்ல பெயின்டையும் கரைத்துவிடும். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. விரலின் வியர்வையும் உப்புதான்.

5. ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பிரைமரை மெல்லிய தூரிகையால், முடிந்தால் தீக்குச்சியின் நுனியால், கீறலுக்குள் மட்டும் வையுங்கள். முழுமையாகக் காயட்டும்.

6. நிறத்தை ஒரே பூச்சாகத் தடிமனாக வைக்காமல், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு வையுங்கள். கடைசியில் கிளியர் கோட்.

7. ஒரு நாளாவது கை படாமல், மழை படாமல் விடுங்கள். பிறகு வாக்ஸ் போடலாம்.

பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. நிறம் துல்லியமாகப் பொருந்தாமல் போகலாம். அதனால் பாதுகாப்பில் குறையேதும் இல்லை. துருவைத் தடுப்பதில் பிரைமருக்குத்தான் பெரிய பங்கு. நிறம் பொருந்தவில்லை என்பதற்காக பிரைமரையும் தள்ளிப்போடுவதுதான் பலர் செய்யும் தவறு.

மழைக்காலத்தின் நடுவே இந்த வேலையைச் செய்வதும் சரிவராது. ஈரக் காற்றில் பளிச்சென்று தேய்த்த இரும்பு சில மணி நேரத்திலேயே மீண்டும் மங்கத் தொடங்கும். அப்போது விழுந்த கீறலைத் துடைத்துக் காயவைத்து, கொஞ்சம் வாக்ஸோ கிரீஸோ தடவி வைத்துவிட்டு, வெயில் தலைகாட்டியதும் முழு வேலையைச் செய்யலாம்.

வீட்டு வைத்தியங்கள்: எது வேலை செய்யும்?

டூத்பேஸ்ட்: மெல்லிய அரைப்புப் பொருள் இருப்பதால் கிளியர் கோட் கீறலில் ஓரளவு பலன் தரும். ஆழமான கீறலில் பலனில்லை. கீறலுக்குள் வெள்ளையாகத் தங்கி இன்னும் எடுப்பாகக் காட்டும்.

நகப்பூச்சு: நிறம் பொருந்தினால் அவசரத்துக்கு நல்லதுதான். காற்றும் ஈரமும் படாமல் மூடும். ஆனால் இது வெயிலிலும் உரசலிலும் சீக்கிரம் உரியும். துருவின் மேல் நேரடியாகப் பூசினால், துரு உள்ளே தொடர்ந்து வளரும்.

புளி, எலுமிச்சை, வினிகர்: பித்தளைப் பாத்திரம் தேய்க்கப் புளி உதவுவது போலவே, இவற்றின் அமிலம் லேசான துருவையும் கரைக்கும். சிக்கல் அதன் பிறகுதான். அமிலத்தைச் சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவி, உடனே உலர்த்தி, அன்றே பிரைமர் வைக்காவிட்டால் துரு முன்பை விட வேகமாகத் திரும்பும்.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய்: ஊர்ப்பக்கம் மழைக்கு முன் சைக்கிளை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பார்கள். நோக்கம் சரியானது. எண்ணெய்ப் படலம் தண்ணீரை அண்டவிடாது. ஆனால் சில நாள்தான் நிற்கும், தூசியையும் இழுக்கும். டயரிலும் பிரேக் கட்டையிலும் படக் கூடாது. பெயின்ட் வைக்கும் திட்டமிருந்தால் எண்ணெய் பட்ட இடத்தை முதலில் சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

அலுமினியத் தாள்: ஹேண்டில்பார், ரிம் போன்ற குரோம் பாகங்களில் புள்ளி புள்ளியாக வரும் துருவுக்குச் சிறந்தது. சாப்பாடு கட்டும் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு போகும், அலுமினியம் மென்மையானது என்பதால் குரோமில் கீறல் விழாது. தேய்த்த பிறகு வாக்ஸ் தடவுவது அவசியம்.

முழுப் பெயின்ட் எப்போது?

நாலு கீறலுக்காக ஃபிரேம் முழுவதையும் பெயின்ட் அடிப்பது பெரும்பாலும் வீண் செலவு. தொழிற்சாலையில் அடுப்பில் சூடேற்றி இறுக்கிய பூச்சை, தெருவோரம் ஸ்பிரே அடித்த பூச்சு ஈடுசெய்யாது. நல்ல பூச்சின் மேல் சரியாகத் தேய்க்காமல் அடித்தால், அடுத்த கோடையிலேயே செதில் செதிலாக உரியும். ஃபிரேமில் பாதிக்கு மேல் துரு பரவியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் பாகங்களை முழுதாகக் கழற்றி, பழைய பெயின்டை நீக்கி, பவுடர் கோட்டிங் செய்வது நீண்ட நாள் நிற்கும். ஆனால், பவுடர் கோட்டிங்கில் ஃபிரேமை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள் என்பதால், கார்பன் ஃபிரேமுக்கு அது கூடவே கூடாது.

பேரைக் கீறாதீர்கள், எழுதுங்கள்

டெல்டாவில் சைக்கிள் பொழுதுபோக்குக்கான பொருள் மட்டும் அல்ல. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையே இதற்குச் சாட்சி. 1974-ல் தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மாவட்டம் அது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் பெண்கள் அங்கே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பேருந்துக்கும் அடுத்தவர் துணைக்கும் காத்திருக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் போக அது வழிசெய்தது.

பிறகு 2001-02-ல், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், படிப்படியாக மற்ற மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது. 2022-ல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு சைக்கிள் வழங்கப்பட்டது. கல்லணைக் கால்வாய்க் கரையிலும் வெண்ணாற்றங்கரையிலும் காலையில் வரிசையாகப் போகும் சைக்கிள்களில் பல இப்படி வந்தவை.

இந்த சைக்கிள்களுக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். ஸ்டாண்டில் எது தன்னுடையது என்று தெரிய, காம்பஸ் முனையால் பாரில் பேரைக் கீறி வைக்கும் பிள்ளைகள் உண்டு. உலோகம் வரை போகும் கீறலை நாமே போட்டுக்கொள்வது அது. அந்தப் பேர் அடுத்த மழைக்குப் பிறகு துருவாலேயே எழுதியது போல் ஆகிவிடும். பெயின்டால் எழுதலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், பாரில் நிறத் துணியோ டேப்போ சுற்றலாம். ஆனால் துணியையும் டேப்பையும் மழைக்காலத்தில் கழற்றிவிட வேண்டும். அடியில் ஈரம் தங்கினால், கண்ணுக்குத் தெரியாமலே துருப்பிடிக்கும்.

புது சைக்கிளே கீறலோடு வந்தால்?

கடையில் வாங்கினால், பில் போடும் முன்பே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுப்பது நல்லது. பார்சலில் முன் ஃபோர்க்கும் பெடலும் ஃபிரேமில் உரசி வருவது அடிக்கடி நடக்கும்.

2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் ஓட்டிய பிறகு விழுந்த கீறலுக்கு ஃபிரேம் வாரன்ட்டி பொதுவாகப் பொருந்தாது. மறுபெயின்ட் அடித்தால் வாரன்ட்டி செல்லாது என்று சில நிறுவனங்களின் நிபந்தனையில் இருக்கலாம். அட்டையைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

கீறல் விழாமல் தடுக்க

அதிகம் அடிபடும் இடங்கள் சில மட்டுமே. பிரேக் வயர் உரசும் முன்பக்கக் குழாய், செயின் அடிக்கும் பின்பக்கக் குழாய், பூட்டுச் சங்கிலி சுற்றும் பார், சக்கரம் வாரியடிக்கும் ஜல்லி படும் கீழ்க்குழாய், கேரியரின் கிளாம்ப் கடிக்கும் இடம். இவற்றில் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டலாம். பின்பக்கக் குழாயில் பழைய டியூபை வெட்டிச் சுற்றலாம், அதையும் மழை நாட்களில் அவிழ்த்து உலர்த்த வேண்டும். பூட்டுச் சங்கிலிக்குத் துணி உறை போட்டால் பாதிக் கீறல் குறையும்.

வெள்ளத்தில் சைக்கிள் மூழ்கினால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து நிறுத்திவிடாதீர்கள். சீட் கம்பத்தை உருவி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழாய்க்குள் புகுந்த தண்ணீரை வடியவிடுங்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத ஃபிரேம் உள்ளிருந்து துருப்பிடிப்பது அப்படித்தான்.

இதையெல்லாம் எப்போது செய்வது? நாட்காட்டியிலேயே பதில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அதற்கு முன்பாகவோ அதை ஒட்டியோ ஆயுத பூஜை வந்துவிடும். அன்று எப்படியும் சைக்கிளைக் கழுவித் துடைத்து, சந்தனம், குங்குமம் வைப்போம். பொட்டு வைக்கும் முன் நகத்தால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, உலோகம் தெரியும் இடங்களில் பிரைமர் வைத்துவிட்டால் போதும். மேலோட்டமான கீறல்களை அப்படியே விட்டுவிடலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அவையே அடையாளம்.